ஏற்காடு மாணவி ஒருவர்

மலையில் பேப்பர் போடுகிறவனுக்கு உலகத்தில் நடப்பதெல்லாம் ஒரு பஸ் தாமதமாகத்தான் தெரியும். எனக்கு நடந்த அநியாயமும் பஸ்ஸில்தான் வந்தது, அது மட்டும் சரியான நேரத்துக்கு வந்தது. செய்தவர் பேரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேப்பர் ஏஜென்ட் நாச்சிமுத்து, குப்பனூர்க்காரர், ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்திருந்தவர். அவரிடம் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். சம்பளமெல்லாம் சரியாகக் கொடுத்தார், அதில் குறையில்லை. அவர் எனக்குத் தர வேண்டியது ஒரு பேர். மூன்று எழுத்து. என் மகளுடைய பேர்.

நடந்தது எழுபத்தைந்தாம் வருஷம். விளையாட்டில் பெரிய வருஷம் அது. ஹாக்கி, சதுரங்கம், கிரிக்கெட், டென்னிஸ், குத்துச்சண்டை என்று மாதத்துக்கு ஒருவர் உலகத்தை ஜெயித்தார்கள். அவர்கள் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பேர்கள் எல்லாப் பேப்பரிலும் வந்துவிட்டன. என் மகள் பேர் ஒரு தடவை வரட்டும், பிறகு அவர்கள் பேரையும் எழுதுகிறேன்.

மழையில் பேப்பர் போட்டவர்கள், பால் ஊற்றியவர்கள், தபால் சுமந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. அடுத்தவர் வாசல் வரைக்கும்தான் நமக்கு வேலை. ஆனால் வாசலில் நின்றபடியே நாம் பார்த்ததும் கேட்டதும் கொஞ்சமில்லை.

பேட்டரி தீர்ந்த இடம்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அப்போதெல்லாம் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அதுவும் பெரிய எழுத்தாக இருந்தால். என் மகள் ரெஜினாதான் எனக்குப் படித்துக் காட்டுவாள். சேலத்திலிருந்து பேப்பர் கட்டு ஏழே முக்கால் பஸ்ஸில் வரும். அவள் பள்ளிக்கூடப் பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். நான் கட்டைப் பிரித்து வீட்டுக்கு ஒன்றாக அடுக்குவதற்குள் முதல் பக்கத் தலைப்பு, சினிமா விளம்பரம், விளையாட்டுப் பக்கம் மூன்றையும் மளமளவென்று வாசித்துவிடுவாள். அதை மனதில் வைத்துக்கொண்டு நான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போவேன். படித்த பேப்பர்க்காரன் என்று எனக்குப் பேர் இருந்தது. அது அவள் சம்பாதித்துக் கொடுத்த பேர்.

மார்ச் மாதம் மலேசியாவில் ஹாக்கி உலகக் கோப்பை. கடைசி ஆட்டம் நமக்கும் பாகிஸ்தானுக்கும். மறுநாள் பஸ் வருவதற்கு முன்னாலேயே காப்பி எஸ்டேட் ரைட்டர் தேவசகாயம், பனிக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். எஸ்டேட் கணக்கெழுதும் மனிதர், சத்தமாகப் பேசக்கூட மாட்டார். டிரான்சிஸ்டரில் கேட்டுக்கொண்டிருந்தாராம். இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு கோல் என்று இருக்கும்போது பேட்டரி தீர்ந்துவிட்டதாம். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்றார்.

ரெஜினா, "நாம ஜெயிச்சுட்டோமுங்க, ரெண்டுக்கு ஒண்ணு" என்று வாசித்தாள். நான் கை தட்டினேன். தேவசகாயம் தட்டவில்லை. பேப்பரை வாங்கிப் படத்தைத் தடவிப் பார்த்தார். அவர் தம்பி பட்டாளத்தில் இருந்தவன். நாலு வருஷத்துக்கு முன் நடந்த பாகிஸ்தான் சண்டையில் காணாமல் போனவன். செத்தான் என்றும் கடிதம் வரவில்லை, இருக்கிறான் என்றும் வரவில்லை. அண்ணனும் தம்பியும் சின்ன வயதில் சில்வர் ஓக் குச்சியை வளைத்து ஹாக்கி ஆடினவர்களாம். கொங்காடையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அவர் சொன்னார்:

"ஜெயிச்சுப்போட்டோம் மரியதாசு. எந்தம்பிகிட்ட யாரு போயிச் சொல்றது?"

ஆடாமல் வந்த பட்டம்

ஏரிக்கரை மேட்டில் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் தனியாக இருந்தார். திருச்சியில் இருந்த சிநேகிதரோடு போஸ்ட் கார்டில் சதுரங்கம் ஆடுவார். ஒரு கார்டுக்கு ஒரு நகர்த்தல். ஒரு ஆட்டம் முடிய இரண்டு வருஷம் ஆகும். அவர் வீட்டு மேசையில் பலகை எப்போதும் விரித்தே இருக்கும், காய்களை யாரும் தொடக்கூடாது.

அந்த ஏப்ரலில் உலக சதுரங்கப் பட்டம் ரஷ்யாக்காரருக்குப் போனது. அமெரிக்காக்காரர் ஆட வரவே இல்லை. அதனால் ஆடாமலே பட்டம். "சும்மா உக்காந்த இடத்துல உலகத்தை ஜெயிச்சுப்போட்டாருங்க மாஸ்டர், குடுத்து வச்ச ஆளு" என்று சிரித்துக்கொண்டே பேப்பரைக் கொடுத்தேன். மாஸ்டர் சிரிக்கவில்லை. அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். பலகையில் மெல்லிசாகத் தூசி. திருச்சியிலிருந்து தை மாதத்துக்கு அப்புறம் கார்டே வரவில்லையாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எதிராளி வராமப் போனா அதுக்குப் பேரு ஜெயிக்கறதில்ல மரியதாஸ், தனியா உக்காந்திருக்கறது."

மலைக்கட்டு

கீழே சேலம் டவுனில் விற்கும் பேப்பரும் மலைக்கு வரும் பேப்பரும் ஒன்று என்று நினைக்காதீர்கள். தூரத்து ஊர்களுக்கு முதலில் அச்சடித்து அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் நடப்பது டவுன்காரர்களுக்குத்தான். எங்களுக்கு அது மறுநாள். இதை நாங்கள் மலைக்கட்டு என்போம்.

ஜூனில் இங்கிலாந்தில் கிரிக்கெட் உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை வந்த மலைக்கட்டில், ஆஸ்திரேலியா விக்கெட் அதிகம் போகாமல் நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறது என்பதோடு செய்தி நின்றுபோயிருந்தது. ரெஜினா அப்படியேதான் வாசித்தாள். "ஆட்டம் முடியலைன்னு போட்டிருக்குதுப்பா, யாரு ஜெயிச்சாங்கன்னு சொல்லாதீங்க" என்று எச்சரித்தும் அனுப்பினாள். மளிகைக் கடை செட்டியார் கேட்டபோது எனக்கு வாய் நிற்கவில்லை. ஆஸ்திரேலியா ஜெயித்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லி, கேப்டன் கோப்பையை எப்படித் தூக்கினான் என்பதுவரை கையால் செய்து காட்டியிருக்கிறார். திங்கட்கிழமை பஸ்ஸில் வெஸ்ட் இண்டீஸ் ஜெயித்துக்கொண்டு வந்து இறங்கியது. செட்டியார் என்னைப் பார்த்ததும் துவரம்பருப்பு மூட்டை மேலிருந்து எழுந்து நின்று கும்பிட்டார்:

"ஏனுங்க மரியதாசு, நாளைக்கு எம்பட ஊட்டுல யாரு செத்தா, யாரு பொளைச்சான்னும் இப்பவே சொல்லிப்போடுங்க, பந்தல்காரனுக்குச் சொல்லோணும்!"

வெள்ளைக் கட்டம்

அந்த மாதக் கடைசியில் எமர்ஜென்சி வந்தது. சில நாள் பேப்பரில் அங்கங்கே எழுத்தே இல்லாமல் வெள்ளையாக இடம் விட்டிருந்தது. மை தீர்ந்துவிட்டதோ என்று நான் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் எப்போதும் முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படிப்பவர். அன்றிலிருந்து வாங்கினதும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போக ஆரம்பித்தார். விளையாட்டில் ஒருநாளும் ஆசையில்லாத மனிதர். என்னங்க ஐயா இந்த வயசுல என்று கேட்டேன்.

"இந்த ஒரு பக்கத்துலதான்யா இன்னும் ஜெயிச்சவன் பேரு, தோத்தவன் பேரு ரெண்டையும் போடறான்."

சின்னான் கேட்டது

ஒரு எஸ்டேட் பங்களாவில் டென்னிஸ் கோர்ட் இருந்தது. சின்னான் அங்கே வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து பந்து பொறுக்கினவர். துரை போய் நம்ம ஆள் முதலாளியாக வந்தும் அவர் பந்துதான் பொறுக்கினார். முட்டி தேய்ந்து, குனிந்தால் நிமிர இரண்டு பேர் வேண்டும்.

ஜூலையில் விம்பிள்டன் பட்டத்தை ஒரு கறுப்பு மனிதர் ஜெயித்தார். ஆண்களில் அதுவரை அப்படி யாரும் ஜெயித்ததில்லை என்று ரெஜினா படித்தாள். கோப்பையோடு படமும் வந்திருந்தது. பங்களா கேட்டில் சின்னானிடம் அதைக் காட்டினேன். அவர் பேப்பரை வாங்கவில்லை. கையிரண்டையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு, தொடாமல், முகத்தை மட்டும் கிட்டே கொண்டுவந்து, ரொம்ப நேரம் பார்த்தார். முப்பது வருஷம் அந்தக் கோர்ட்டில் இருந்தவர், ஒருநாள்கூட மட்டையைப் பிடித்ததில்லை. எடுத்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். உள்ளேயிருந்து மணி அடித்துக் கூப்பிட்டார்கள். போகும்போது திரும்பி வந்து கேட்டார்:

"ஏனுங்க, இவரு கையில மட்டையை யாருங்க குடுத்தாங்க?"

ஒரு மைல்

ரெஜினா ஓட ஆரம்பித்ததற்குக் காரணம் நானும் அந்த ஏழே முக்கால் பஸ்ஸும்தான். பள்ளிக்கூடத்தில் எட்டேகால் மணிக்கு ஜெபம். பஸ் ஸ்டாண்டிலிருந்து மேட்டுப் பாதையில் ஒன்றரை மைல். எனக்குப் பேப்பர் படித்துக் காட்டிவிட்டு அவள் ஓட்டமாக ஓட வேண்டும். மேகம் இறங்கி மலைப்பாதையில் பஸ் ஊர்ந்து வந்தால் அவள் இன்னும் வேகமாக ஓட வேண்டும். பஸ் எவ்வளவு தாமதமோ, அவ்வளவு வேகம். ஏழாம் வகுப்பிலிருந்து இப்படி ஓடி, பதினொன்றாம் வகுப்புக்கு வந்தபோது அவளைப் பிடிக்க மலையில் ஆள் இல்லை. டிரில் டீச்சராக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. விசிலும் வெள்ளை கேன்வாஸ் ஷூவும் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆகஸ்டில் நியூசிலாந்துக்காரர் ஒருவர் ஒரு மைலை நாலு நிமிஷத்துக்குள், அதிலும் பத்து வினாடி மிச்சம் வைத்து ஓடிவிட்டார் என்று செய்தி. அதை அவள் எனக்கு மூன்று தடவை படித்தாள். அன்று பஸ் இருபது நிமிஷம் தாமதம். பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். அதே பஸ் ஐந்து நிமிஷம் கழித்து அந்த வழியாகத்தான் மேலே போகும். "ஏறிக்க கண்ணு, டிக்கெட் வேண்டாம்" என்று கண்டக்டர் ரத்தினம் கூப்பிட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது ரத்தினம் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டி நிறுத்தி என்னிடம் சொன்னார்:

"உம்பட புள்ளையை பஸ்சுல மட்டும் ஏத்திப்போடாத மரியதாசு, ஜெபத்துக்கு லேட்டாயிருவா!"

கவர்

செப்டம்பரில் சேலத்தில் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஓட்டப் போட்டி. எண்ணூறு மீட்டர். ரெஜினா வெறுங்காலோடு ஓடி முதலில் வந்தாள். இரண்டாவதாக வந்த பெண் முள் வைத்த ஷூ போட்டிருந்ததாம். பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள். மேல் தட்டில் "முதல் பரிசு" என்று வெட்டியிருந்தது. யாருக்கு என்று வெட்டவில்லை.

கடைவீதியில் பாத்திரக் கடைக்காரர், "பேரை வெட்டித் தரட்டுங்களா? ஒரு நிமிசம்" என்று உளியை எடுத்தார். நம் ஊரில் அண்டா, குண்டா, தம்ளர் எதை வாங்கினாலும் பேரை வெட்டாமல் வெளியே எடுத்துப் போகமாட்டார்கள். நான் வேண்டாம் என்று சொன்னேன். பேப்பரிலேயே பேர் வரப்போகிறது, பாத்திரத்தில் எதற்கு என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மலையில் நிருபர் என்று தனியாக யாரும் கிடையாது. ஏஜென்ட்தான் நிருபர். ஏதாவது நடந்தால் ஒரு தாளில் எழுதி, பழுப்புக் கவரில் போட்டு ஒட்டி என்னிடம் கொடுப்பார். நான் சாயங்கால பஸ்ஸில் ரத்தினத்திடம் கொடுப்பேன். சேலத்தில் பேப்பர் ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். கவரை நாங்கள் யாரும் பிரிக்கக் கூடாது, அது தொழில் முறை. அன்று நாச்சிமுத்து கவரை நீட்டி, "உள்ள உம்பட சமாச்சாரமும் இருக்குது" என்றார். அந்தக் கவரை மழை படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். ரத்தினத்திடம் இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு நாள் விட்டு அது பேப்பரில் வந்தது. அன்றைக்கு அதிசயமாக பஸ் சரியாக ஏழே முக்காலுக்கு வந்தது. ரெஜினா விளையாட்டுப் பக்கத்தைப் பிரித்தாள். முதலில் ஒரு எஸ்டேட் முதலாளியின் பங்களாவில் நடந்த டென்னிஸ் பந்தயம். ஜெயித்த முதலாளி பேர், தோற்ற மைத்துனர் பேர், கோப்பை கொடுத்த அம்மாள் பேர், நன்றி சொன்ன மகன் பேர் எல்லாம் இருந்தது. அந்த எஸ்டேட்டில் ஏழு பேப்பர் வாங்கினார்கள். அதன் அடியில் கடைசியாக ஒரு வரி. ரெஜினா அதையும் அதே குரலில் வாசித்தாள்: "மாவட்டப் பள்ளிகளுக்கிடையிலான எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் ஏற்காடு மாணவி ஒருவர் முதலிடம் பெற்றார்."

நான் அடுத்த வரிக்காகக் காத்திருந்தேன். "அவ்வளவுதாம்ப்பா" என்று சொல்லி, பேப்பரை நாலாக மடித்துக் கட்டின் மேல் வைத்தாள். "அந்த ஒருவர் நாந்தானே, விடுங்க" என்றாள். அன்று அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடவில்லை. நடந்தே போனாள். நான் நூற்றுப்பத்து வீட்டிலும் அந்தப் பேப்பரைப் போட்டுவிட்டு, கடைக்கு வந்து கேட்டேன். "ஏனுங்ணா, எம்புள்ளை பேரை எழுதலீங்களா?" நாச்சிமுத்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"உம்பட புள்ளைதான்னு ஊருக்கே தெரியுமே மரியதாசு, பேரு எதுக்கு?"

பதினைந்தாவது ரவுண்டு

அக்டோபரில் மணிலாவில் உலக குத்துச்சண்டை. மூட்டை தூக்கும் ஆறுமுகம்தான் எங்கள் கடைவீதியில் குத்துச்சண்டைக்கு அதிகாரி. பஸ் மேலிருந்து அவர் இறக்கிப் போடும் கட்டைத்தான் நான் பிரிப்பேன். அந்த வருஷம் அவருக்கு இருமல் வந்து, துப்பினால் சிவப்பாக வந்தது. மூட்டை தூக்குவதை நிறுத்தவில்லை. வீட்டில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும்.

அன்று பேப்பரை நானே எழுத்துக் கூட்டி அவருக்குப் படித்தேன். ரெஜினா பஸ் ஸ்டாண்டுக்கு வருவது குறைந்துபோயிருந்தது, பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். பதினாலு ரவுண்டு இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். தோற்றவர் பதினைந்தாவதுக்கும் எழுந்திருக்கத்தான் பார்த்தார். அவருக்குப் பயிற்சி கொடுத்த பெரியவரே தோளைப் பிடித்து உட்கார வைத்து, போதும், நிறுத்து என்று சொல்லிவிட்டார். இதைப் படித்து முடிக்க எனக்குக் கால்மணி நேரம் ஆனது. ஆறுமுகம் அதுவரை நகரவில்லை. பிறகு தலையில் துண்டைச் சுருட்டி வைத்து, அரிசி மூட்டைக்குக் கீழே குனிந்தார். குனிந்தபடியே கேட்டார்:

"நமக்குப் போதும்னு சொல்றதுக்கு யாருங்க இருக்கறாங்க?"

திருத்தம்

வருஷக் கடைசியில் ஒரு முழுப் பக்கத்தில் அந்த வருஷம் ஜெயித்தவர்கள் எல்லாரையும் வரிசையாகப் போட்டார்கள். படமும் பேரும் நாடும். ரெஜினா அன்று வந்து எனக்கு முழுவதையும் படித்துக் காட்டினாள். அவள் எனக்குப் படித்தது அதுவே கடைசி.

பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் நல்லவர். சென்னையில் டிரில் டீச்சர் பயிற்சிக்கு அவளுக்காக எழுதிப் போட்டார். மாவட்டத்தில் முதலிடம் வந்ததற்கு அத்தாட்சி அனுப்பச் சொன்னார்கள். சர்டிபிகேட் வரத் தாமதம் ஆகும், பேப்பரில் வந்ததை வெட்டி அனுப்பினால் போதும் என்றார்கள். சிஸ்டர் வெட்டி அனுப்பினார். இதில் பேர் இல்லையே, இது யார் என்று பதில் வந்தது. டிபன் கேரியரைத் தபாலில் அனுப்பவா முடியும்? அதிலும் பேர் இல்லை. அதைத் தடுத்தவன் நான்.

நாச்சிமுத்துவிடம் போனேன். முதல் தடவையாகக் கை கட்டாமல் நின்று கேட்டேன். திருத்தம் என்று நாலு வரி போடுகிறார்களே, எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அதுபோல ரெஜினா என்று ஒரு வார்த்தை போடச் சொல்லுங்கள் என்றேன். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். சர்டிபிகேட் சேலத்திலிருந்து வந்தது ஆடி மாதத்தில். அதற்குள் பயிற்சி தொடங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. அடுத்த வருஷம் போடலாமென்றால், அந்தந்த வருஷம் பள்ளிக்கூடம் முடித்தவர்களுக்குத்தான் இடம் என்றார்கள். ரெஜினா அதே பள்ளிக்கூட ஹாஸ்டலில் ஆயாவாகச் சேர்ந்தாள். காலையில் மணியடித்துப் பிள்ளைகளை டிரில்லுக்கு எழுப்பி விடுகிற வேலை. இவ்வளவும் நடந்தது ஏஜென்ட் சொன்ன இந்த ஒரு பதிலால்:

"தப்பாப் போட்டிருந்தாத் திருத்தம் போடலாம் மரியதாசு. போடாத பேருல என்னத்தைத் திருத்தறது?"

சேலத்தில் ஒரு காப்பி

அதற்கப்புறம் நான் நன்றாகவே படிக்கக் கற்றுக்கொண்டேன். முப்பத்தெட்டு வயதில், கட்டைப் பிரிக்கும்போது, தினமும் பொடி எழுத்து ஒன்று விடாமல். என்றைக்காவது அந்தத் திருத்தம் வந்துவிட்டால் எனக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது அல்லவா. படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. பேப்பரில் தினமும் எத்தனையோ ஒருவர்கள் வருகிறார்கள். லாரி மோதி ஒருவர், கிணற்றில் தவறி விழுந்து ஒருவர், பெண் ஒருவர், தொழிலாளி ஒருவர். ஒவ்வொருவருக்கும் வீட்டில் கூப்பிட ஒரு பேர் இருந்திருக்கும். அந்தப் பேரை எழுதாமல் விட்டவர் யாரோ நல்ல பசியோடு சாப்பிடப் போயிருப்பார்.

ரெஜினாவை வாழவந்தியில் ஜீப் டிரைவருக்குக் கொடுத்தேன். இரண்டு பையன்கள். அந்த டிபன் கேரியரில்தான் புருஷனுக்குச் சோறு கட்டுவாள். ஓட்டத்தைப் பற்றி ஒருநாளும் பேசினதில்லை. நான் ஆரம்பித்தால், "ஓலை பத்திக்கிச்சு, பாத்துட்டு வாரேன்" என்று அடுப்புப் பக்கம் போய்விடுவாள். அவள் வீட்டில் கேஸ் அடுப்பு, எரிக்க ஓலையே கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் காமாலையில் போய்விட்டாள். கல்லறையில் பேர் வெட்டியிருக்கிறோம், மூன்று எழுத்தும் அழகாக இருக்கிறது. ஆனால் அது ஜெயித்ததற்காக வெட்டினது இல்லை.

கேரியரை மருமகன் என்னிடம் கொடுத்துவிட்டார். இப்போதும் பாத்திரக் கடையில் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் பேரை வெட்டித் தருவார்கள். நான் வெட்டமாட்டேன். தர வேண்டியவர் தரட்டும். போன தை மாதம் அதை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு சேலத்துக்கு, மகன் வீட்டில் இருக்கும் நாச்சிமுத்துவைப் பார்க்கப் போனேன். தொண்ணூறை நெருங்குகிறார், காது மட்டும் மந்தம். என்னை அடையாளம் தெரிந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "நொம்ப இளைச்சுப் போயிட்ட" என்று மருமகளிடம் காப்பி கேட்டார். கேரியரை எடுத்து அவர் மடியில் வைத்தேன். மேல் தட்டைத் தடவி "முதல் பரிசு" என்று படித்தார். "நல்ல கனம், அந்தக் காலத்துச் சாமான்" என்றார். எண்ணூறு மீட்டர் என்று காதருகில் கத்தினேன். ரெஜினா என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் தட்டை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதைத்தான் நான் அன்னைக்கே போட்டனே மரியதாசு, ஏற்காடுன்னு பேரு வந்துச்சில்ல?"

காப்பி நன்றாகவே இருந்தது. அந்த வருஷம் உலகத்தில் ஜெயித்த அத்தனை பேருடைய பேரையும் மழையில் நனையாமல் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான், எனக்கு வர வேண்டிய மூன்று எழுத்து மட்டும் இன்னும் எந்த பஸ்ஸிலும் வந்து சேரவில்லை.